6.0ன்னு வந்த ரிப்போர்ட்டுக்கு அப்பா எழுதறது

பாப்பா,

நேத்து ராத்திரி நீ அனுப்புன ரிப்போர்ட்ட பாத்தேன், எச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாச ரத்த சீனியோட சராசரிய காட்டுற டெஸ்ட், 6.0 சதவீதம். நம்ம மலேசியாவுல 6.3 வந்தாதான் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதின்னு முடிவு பண்ணுவாங்க, நீ அதுக்கு முந்துன படியில நிக்கிற. நம்பர் பெரிசா பயமுறுத்தல, கீழ நீ எழுதியிருந்த வரிதான் என்னை தூங்க விடல. "நம்ம ரத்தத்துலயே இருக்குப்பா, அப்பாயிக்கு வந்துச்சு, உங்களுக்கு வந்துச்சு, எனக்கு வராம எங்க போகும்"னு.

அந்த வார்த்தைய உன் அப்பாயிகிட்ட சொன்னவனே நான்தாம்மா.

நான் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெஸ்ஸரா, அதான் மருந்து குடுத்து கட்டு போடறவனா இருந்தப்ப சீனி பாக்க மிஷின் எல்லாம் கெடையாது. கண்ணாடி குழாய்ல பெனடிக்ட் மருந்து ஊத்தி, எட்டு சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் வெளக்குல காட்டி கொதிக்க விடுவோம். நீலமாவே நின்னா சீனி இல்ல, பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு ஏறி செங்கல் கலருக்கு போச்சுன்னா சீனி ரொம்ப. எங்க ஆத்தாவோடத நானே காட்டுனேன், நீலம் கண்ணு முன்னாடியே செங்கலா மாறுச்சு. "ஒங்க ஆயாளுக்கும் இருந்துச்சுல்ல, பரம்பரை, என்ன பண்றது"ன்னு சொல்லிட்டேன். டிரெஸ்ஸர் மகனே சொல்லிட்டானேன்னு அதும் அதோட விட்டுருச்சு, மாத்திரைய கூட ஒழுங்கா போடல, கடைசியில கால் வெரல் ரெண்டு போச்சு.

இப்ப யோசிச்சா, ஆத்தா முப்பது வருஷம் ரப்பர் பால் மரம் வெட்டுச்சும்மா. விடியறதுக்கு முன்னாடி நெத்தி வெளக்க கட்டிக்கிட்டு 400, 500 மரம் நடந்து, பால் வாளிய கம்புல தோள்ல தூக்கிட்டு வரும். அப்பவும் அதே ரத்தம்தான், ஒரு நோயும் காட்டல. தோட்டத்த விட்டு தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்து, நாள் பூரா உக்காந்து கெட்டிப்பால் தேத்தண்ணியும் மைலோவும் குடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் வந்துச்சு. வயசும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. ஆனா ஜீன் ரெண்டு வருஷத்துல மாறாதுல்ல, மாறுனது அது நடந்த நடைதான்.

ஜீன் ஒண்ணுமே இல்லன்னும் நான் சொல்லமாட்டேன், அது பொய். 2019ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல நம்ம இந்தியர்ல பெரியவங்க 100 பேர்ல 31 பேருக்கு இருந்துச்சு. ஆனா நமக்கு வர்ற இந்த டைப் 2 ரகத்துக்கு ஒரே ஒரு ஜீன் மட்டும் காரணமா இருக்கிறது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் நூத்துக்கணக்குல சின்ன சின்ன மாத்தங்கள் சேந்து இழுக்குறதுதான். அதுல பெரிசுன்னு சொல்றது டிசிஎஃப்7எல்2ங்கற ஜீன்ல வர்ற மாத்தம், 2006ல ஐஸ்லாந்துக்காரங்க கண்டுபிடிச்சது. அந்த மாத்தம் ஒருத்தர்கிட்ட இருந்தா, சாப்பிட்ட ஒடனே கணையம் விட வேண்டிய இன்சுலின் கொறச்சலா வருது. அப்பா கிட்டேர்ந்தோ அம்மா கிட்டேர்ந்தோ ஒரு பிரதி வந்தா ஆபத்து ஒண்ணரை மடங்குக்கு கொஞ்சம் கம்மியா கூடும், ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெரிசுன்னு சொல்றதே இவ்வளவுதான் பாத்துக்க.

இத மட்டும் நல்லா படி. அமெரிக்காவுல உன்ன மாதிரி எல்லையில நின்ன மூவாயிரத்துக்கும் மேல ஆளுங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2002ல முடிவு வந்துச்சு. உடம்பு எடையில 7 சதவீதம் கொறைச்சு வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்க சொன்ன கூட்டத்துல, சும்மா விட்டவங்கள விட நோய் 58 சதவீதம் கம்மி. சீனிய கொறைக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை குடுத்தவங்களுக்கு 31 சதவீதம்தான் கம்மி. அப்புறம் அதே ஆளுங்களோட ஜீன பாத்தாங்க, அந்த மாத்தம் ரெண்டு பிரதி இருந்தவங்க சும்மா இருந்தப்ப வேகமா நோய்க்குள்ள போனாங்க, நடந்த கூட்டத்துல இருந்தவங்களுக்கு அந்த வேகம் பெரும்பாலும் அடங்கிப் போச்சு. ஆத்தாகிட்ட சொல்ல வேண்டியத நான் சொல்லாம விட்டது இதத்தான்.

உனக்கு வேற, புள்ளத்தாச்சியா இருந்தப்பவே சீனி ஏறுச்சு, அதுக்கும் இதுக்கும் வேர் ஒண்ணுதான், அதனால வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்காம விட்டுடாத. எடை 64 கிலோன்னு சொன்ன, அதுல 7 சதவீதம்னா நாலரை கிலோதாம்மா, நீ சோத்த விட வேணாம், தட்டுல பாதி கீரை காய் போட்டுட்டு மிச்ச பாதிய சோறும் மீனும் பங்கு போட்டுக்கட்டும்.

பேரன வெச்சுக்கிட்டு எங்க நடக்கறதுன்னு கேப்ப, தெரியும். சனிக்கிழமை அம்மாவும் நானும் சுங்கை சிப்புட்லேர்ந்து ஈப்போ போயி ராத்திரி பஸ் ஏறறோம், விடிகாலைல ஜொகூர் பாரு லார்கின் பஸ் நிலையத்துல எறங்கிடுவோம், மாப்பிள்ளைய வரச்சொல்லு. ரெண்டு மாசம் இருக்கோம், சாயந்தரம் அவன நாங்க பாத்துக்குவோம், நீயும் மாப்பிள்ளையும் சப்பாத்து மாட்டிக்கிட்டு கெளம்புங்க. என்னோட சீனி மிஷினையும் கொண்டாரேன். பழைய சப்பாத்து அடி தேஞ்சிருந்தா போட்டுட்டு நடக்காத, நான் வந்து புதுசு வாங்கித் தாரேன்.

அப்பா