ஒரு பந்தும் வீசாத பந்துவீச்சாளர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் மாற்றுப் பந்துவீச்சாளர்களின் குறுகிய ஆட்டவாழ்வைப் பற்றிப் பேசும்போது, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் லாரி யவுண்டை விட்டுவிடக் கூடாது. 1971 செப்டம்பர் 15 அன்று, அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் 9ஆம் இன்னிங்ஸில் அவர் பெயர் முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஆனால், ஒத்திகைப் பந்துகளை வீசும்போதே கைவலி மிகுந்ததால், ஒரு மட்டையாளரையும் எதிர்கொள்ளாமல் வெளியேறினார். அறிவிப்பு வந்துவிட்டதால் விதிப்படி அது ஓர் ஆட்டமாகப் பதிவானது. அந்த லீக்கில் அவருக்கு மறுவாய்ப்பு அமையவே இல்லை. தம்பி ராபின் யவுண்ட் 20 பருவங்கள் ஆடி 3,142 ஹிட்களை (பந்தை அடித்துத் தளத்தைப் பாதுகாப்பாக எட்டிய அடிகளை) குவித்தவர் என்பதாலோ என்னவோ, அண்ணனைப் பலரும் வேடிக்கைத் தகவலாகவே குறிப்பிடுகிறார்கள். வலியை மறைத்து வீசாமல் விலகிய அவருடைய முடிவு முறையானது என்றே நான் கருதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்