ஊறுகாய் ஜாடியை ஒளித்தவர் முதல் லைப்சிக் நோயாளிகள் வரை: ஒரு நன்றிக் கடிதம்

அன்புடையீர்,

தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் தரையில் அமர்ந்து சாப்பிட்டேன், எழ முடியவில்லை. இலை எடுப்பவர்கள் காத்து நிற்க, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத நோய், என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் பழியை இதயத்தின் மேலேயே போட்டேன்.

குற்றவாளி தொடை என்று சொன்னவர் எங்கள் பிசியோதெரபிஸ்ட் அம்மா. "எடை குறையவே இல்லையே" என்று வாதாடினேன். கணுக்காலை அழுத்திப் பள்ளம் விழுவதைக் காட்டினார். இந்த நோயில் தொடைச் சதை கரைந்த கணக்கை உடம்பில் தேங்கிய நீர் சரிக்கட்டியிருந்தது. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனைத் தராசு ஏமாற்றிவிட்டது!

நீர் வடிந்து நிலைமை சீரான பிறகே பயிற்சி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ வேண்டும்; முதல் நாள் மூன்று முறைதான் முடிந்தது. நடையின் வேகத்துக்கு அவர் வைத்த அளவுகோல், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நான் பாடினால் ஆபத்து மற்ற நோயாளிகளுக்குத்தான்.

"அசையாதே தம்பி" என்று அழுத அக்காவுக்கும் நன்றி. ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்த நோய்க்குப் படுக்கையைத்தான் விதித்தார்கள். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் 2,331 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, நிலைமை சீராக உள்ளவர்களுக்குப் பயிற்சி பாதுகாப்பானது என்று காட்டியது. அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அக்கா என் செருப்பை ஒளித்துவைப்பதை நிறுத்தினார்.

முகம் தெரியாத சிலரும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அறுபது இதய நோயாளிகள் ஆய்வுக்காகத் தொடையிலிருந்து தசைத் துணுக்கைக் கொடுத்தார்கள். நான்கே வாரப் பயிற்சியில், தசையைச் சிதைக்கும் வேலையில் பங்குள்ள மர்ஃப்-1 என்ற பொருள் குறைந்தது. 65 வயதைக் கடந்தவர்களிடமும் குறைந்தது. 2012இல் அது அச்சேறியபோது எனக்கு இந்த நோய் இல்லை. இப்போது வயது 67. அவர்களுக்கு என் வணக்கம்.

பயறும் முட்டையும் வேளை தவறாமல் வைத்து, ஊறுகாய் ஜாடியை மட்டும் எங்கோ ஒளித்த மனைவிக்கு நன்றி, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டீக்கடைத் தம்பி, நான் கேட்காமலேயே விடியற்காலையில் வாசலில் ஸ்டூல் போட்டீர்கள். இப்போது அதில் உட்காராமலே கோயில் வரை போய்த் திரும்புகிறேன். ஸ்டூலை உள்ளே எடுத்துவிட வேண்டாம். மேலத்தெருவிலிருந்து இன்னொருவர் நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்