ரெண்டாங்கட்டுல ரெண்டு காளான் பெட் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

காளான் வளர்ப்பு பத்தி பேப்பர்ல எப்ப வந்தாலும் தலைப்புலயே மாசம் இவ்வளவு சம்பாதிக்கலாம்னு ஒரு தொகை இருக்கு. அப்படி ஒண்ணைப் படிச்சுட்டு தான் எங்க சித்தப்பா மகன் ஒரு பார்ட்டிகிட்ட முன்பணம் கட்டுனாரு. பெட்டும், அதாவது காளான் வளர்ற வைக்கோல் பையும், நாங்களே தர்றோம், காளானையும் நாங்களே திருப்பி எடுத்துக்கிறோம்னு சொன்னாங்க, மொத தடவை எடுத்தாங்க, ரெண்டாவது தடவை போனையே எடுக்கல. அறுத்த சிப்பிக் காளான் நம்ம ஊர் வெக்கைல ஒரு நாளு தாங்குறதே பெரிசு, தெரிஞ்ச வீட்டுக்கெல்லாம் குடுத்தது போக மிச்சத்தை தென்னைக்கு குழி வெட்டி போட்டாரு. இப்ப காளான்னு பேச்சு எடுத்தாலே எந்திரிச்சு போயிடுறாரு. பணம் போனது ஒரு பக்கம், ஆசையா தொட்ட ஒரு விஷயம் அவருக்கு கசந்து போச்சே, அது தான் எனக்கு தாங்கல.

நான் பள்ளத்தூர்ல இருக்கேன். காரைக்குடி பாத்திரக்கடையை மகன்கிட்ட விட்டுட்டு நாலு வருஷமா வீட்டோட தான். ஒரு தடவைக்கு ரெண்டு பெட், அதுக்கு மேல போட்டதில்ல, ஒரு கிராம் கூட வித்ததும் இல்ல. மல்லிகைச் செடி வைக்கிறவங்க யாரும் பூ மார்க்கெட் ரேட் கேட்டுட்டா வைக்கிறாங்க, காளானையும் அப்படி வீட்டுக்குன்னு வளர்க்கலாம்னு ஒரு தடவையாவது எழுதுங்கன்னு கேக்குறதுக்குத்தான் இந்த லெட்டர்.

சிப்பிக் காளானுக்கு செலவுன்னு பாத்தா வைக்கோல், விதை (தானியத்துல காளான் பூஞ்சையை வளர்த்து பைல தர்றது), பாலித்தீன் பை, அவ்வளவு தான். வைக்கோலை ரெண்டு விரக்கடை அளவுக்கு நறுக்கி நாலஞ்சு மணி நேரம் ஊற வச்சு, அப்புறம் ஒரு மணி நேரம் அவிக்கணும், எங்க வீட்டுல கல்யாணத்துக்கு சோறு வடிச்ச பழைய பித்தளை அண்டா சும்மா கிடந்துச்சு, அதுல தான் அவிக்கிறேன். அவிச்சதை நிழல்ல பரப்பி ஆற விட்டு, கைல எடுத்து பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது, ஆனா கை ஈரமாகணும், அந்தப் பதம் தான் இந்த வேலைல எல்லாமே. நான் போட்ட மொத மூணு பெட்டும் தண்ணி அதிகமாகித்தான் கெட்டுச்சு. அப்புறம் பைல ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமா கொஞ்சம் விதை, திரும்ப வைக்கோல், இப்படியே மேல வரைக்கும், காத்துக்கு ரெண்டு ஓட்டை, கட்டி தொங்க விட்டா பதினஞ்சு இருபது நாள்ல பூஞ்சை இழை பை பூரா வெள்ளையா பரவிடும். பையை கீறி விட்டு தண்ணி தெளிச்சா மூணு நாலு நாள்ல குண்டூசித் தலை மாதிரி மொட்டு விடும், அது ராத்திரி பாத்ததுக்கும் காலைல பாக்குறதுக்கும் அளவு மாறி நிக்கும் பாருங்க, பேரப்புள்ளைங்க பல்லு கூட விளக்காம அங்க தான் ஓடுதுங்க.

காளான் இருட்டுல தான் வளரும்னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதி தான் சரி. வெள்ளையா பரவுற வரைக்கும் தான் இருட்டு, மொட்டு வந்துட்டா வெளிச்சமும் காத்தும் வேணும், காத்து இல்லன்னா தண்டு மட்டும் நீண்டு குடை சின்னதா நிக்கும். நம்ம செட்டிநாட்டு வீட்டுல உள்பக்கம் ரெண்டாவதா வர்ற பகுதி, அந்த ரெண்டாங்கட்டு முத்தத்தை ஒட்டுன தாவாரம் இதுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு, தடிச்ச சுவரு, முத்தத்துக்கு மேல திறந்த வானம், வெயில் நேரா படாது. கீழ மணல் பரப்பி நனைச்சு, சுத்தி ஈரச் சாக்கு தொங்க விட்டா போதும். ஆனா பூட்டிக் கிடக்குற அறைக்குள்ள வைக்காதீங்க, பர்மா தேக்குக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் நாள்பூரா ஈரம் ஆகாது, எங்க பங்காளி ஒருத்தர் இதை சொல்லி சத்தம் போட்டாரு, அவரு சொன்னது நியாயம் தான். படுக்குற ரூமும் வேண்டாம். சிப்பிக் காளான் முத்துனா புகை மாதிரி வித்துத்தூள் கொட்டும், மூச்சுத் தொந்தரவு உள்ளவங்களுக்கு அது ஆகாது, ஓரம் மேல சுருள்றதுக்கு முந்தியே பறிச்சுடணும்.

பையில பச்சையா ஒரு திட்டு வந்தா அந்தப் பெட்டை உடனே தூரமா கொண்டு போயிடுங்க. அது ட்ரைக்கோடெர்மாங்கிற பச்சைப் பூஞ்சை, வயல்ல விதை நேர்த்திக்கு நாம கலக்குற விரிடி இருக்குல்ல, அந்தக் குடும்பம் தான், பயிருக்கு நண்பன், காளானுக்கு சத்துரு.

சித்திரை வைகாசில சிப்பி சரியா வராது, அது 30 டிகிரிக்கு கீழ தான் சந்தோஷமா இருக்கும், நமக்கு கார்த்திகைல இருந்து மாசி வரைக்கும் சரி. வெயில் காலத்துக்குன்னே பால் காளான் இருக்கு, 30ல இருந்து 35 டிகிரி வரைக்கும் தாங்கும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல உருவாகி 1998ல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 அதுல ஒரு ரகம், நமக்கு பக்கத்து ஊரு சரக்கு. கூடுதல் வேலை என்னன்னா, வெள்ளையா பரவுன பெட்டை ரெண்டா வெட்டி அது மேல ஆவில அவிச்ச மண்ணை 2 செ.மீ. கனத்துக்கு போடணும், அப்புறம் எட்டு பத்து நாள்ல மொட்டு வரும். பறிச்சா ரெண்டு மூணு நாள் வாடாம இருக்கும். தண்டு கெட்டியா இருக்குறதால மிளகு, சோம்பு, கல்பாசி போட்டு சுக்கா வறுத்தா எங்க வீட்டு ஆச்சிக்கு அது தான் பிடிக்கும். கல்பாசின்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதுவும் ஒரு பூஞ்சையும் பாசியும் சேந்து வாழுற உசுரு தான், காளான்னா முகம் சுளிக்கிற வீட்டுலயும் அஞ்சறைப் பெட்டில அது இருக்கு.

இன்னொண்ணு, கறிக்கு சமமா புரதம் இருக்குன்னு போடாதீங்க. பச்சைக் காளான்ல பத்துல ஒம்போது பங்கு தண்ணி, 100 கிராம்ல புரதம் 3 கிராம் அளவுக்கு தான். வெயில்ல கொஞ்ச நேரம் வச்சா வைட்டமின் டி கூடுறது மட்டும் உண்மை. அதே மாதிரி இடி இடிச்ச மறுநாள் காட்டுல பறிக்கிறதை வெள்ளிக்காசு போட்டு சோதிக்கலாம்னு இன்னமும் நம்புறாங்க, காசு கறுக்குறதுக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே இல்ல, இதை கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.

எனக்கு உள்ள ஒரே கஷ்டம் விதை. மதுரைல வாங்கிட்டு பஸ்ல வர்றேன், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது, சித்திரை வெயில்ல பைக்குள்ள அது வெந்து போன நாளும் உண்டு, ஈரத் துணில சுத்தி மடியில வச்சுக்கிட்டு தான் வர்றேன். குன்றக்குடில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, செட்டிநாட்டுல மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் வேளாண் கல்லூரியும் இருக்கு. இவங்க யாராவது வாரத்துல ஒரு நாள் காரைக்குடி சந்தைல ஒரு மேசை போட்டு, ரெண்டு பெட்டுக்கு ஆகுற அளவு, ஒரே ஒரு பை விதைன்னாலும் சரி, விலைக்கு குடுத்தா இந்தப் பக்கம் எத்தனையோ வீட்டுல வளரும். மாசி முடியறதுக்குள்ள ஏற்பாடு ஆச்சுன்னா மொத பையை வாங்கி சித்தப்பா மகன் வீட்டுல குடுத்துட்டு, கூட உக்காந்து நானே பெட் போட்டுக் குடுப்பேன்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகர்