எட்டுப் பேர் ஏறும் பஸ்

கோத்தகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள நடராஜா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. இலை பறிக்கிற வாரம் என்பதால் உடனே எழுத முடியவில்லை. பச்சைத் தேயிலை விலை வழக்கம்போலத்தான். பறிகூலியும் உரமும் போனால் கையில் நிற்பது சொற்பம். முழங்கால் வலி எனக்கும் உண்டு, அதை விடு.

"நாம் கட்டுகிற வரியில் பீகார்க்காரன் ஏன் வாழணும்?" என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். உன் கோபத்தில் பாதிக்கு நானும் கூட்டு. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நிதிக்குழு. 2021-26க்கு 15வது நிதிக்குழு மாநிலங்களுக்கென ஒதுக்கிய 41 சதவீத வரிப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், பீகாருக்கு 10.058 என்று வைத்தார்கள். 1971-ல் நாட்டு மக்களில் நாம் ஏழரை சதவீதம் இருந்தோம், 2011-ல் ஆறாகக் குறைந்தோம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் பார்த்து இரண்டோடு நிறுத்தியவர்கள் நாம். 1971 கணக்கை விட்டு 2011 கணக்கை எடுத்ததும் அடி நமக்குத்தான். அதைச் சரிக்கட்ட, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நூற்றுக்கு 12.5 மதிப்பெண் வைத்தார்கள். வருமானத்தில் பின்தங்கியவர்களுக்கு வைத்ததோ 45. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பையன்களில் எத்தனை பேர் பீகார்? அவனுக்குத் தடுப்பூசி போட்டதும் எழுத்தறிவித்ததும் அந்த ஊர்ப் பணம். உழைக்கிற வயது வந்ததும் ரயிலேறித் திருப்பூர் வந்துவிட்டான். நீ கட்டும் வரியில் அவன் தையலும் இருக்கிறது. இதை எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

அப்புறம், உன் கணக்கை அப்படியே மலைக்குப் போட்டால் நான் தொலைந்தேன். எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் மலைக் கிராமத்துக்கு, மாலையில் ஒரு பஸ். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், டிரைவர் கண்டக்டரைச் சேர்க்காமல் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் மடியில் முட்டைக்கோஸ் நாற்று. முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறுகிற வண்டிக்கு டீசல் காசுகூடத் தேறாது. மழையில் இடிந்த தடுப்புச் சுவருக்கு மணலும் ஜல்லியும் கீழிருந்து லாரியில் வரணும். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் எங்கள் செலவை உன் ஊர்தான் சுமக்கிறது. அதற்காக நீ என்மேல் கோபப்பட்டதில்லையே?

சமவெளிக்குப் போட்ட கணக்கு எங்களைத் தூக்கிவிடுவதும் இல்லை. மகளிருக்கு இலவசப் பயணம் 2021-ல் வந்தது, சாதாரண டவுன் பஸ்ஸில். எங்கள் மலையில் ஓடுவது புறநகர் வண்டி என்று பெயர். அதனால் 2024 வரை என் வீட்டுக்காரி டிக்கெட் வாங்கினாள், கோவையில் அவள் தங்கை சும்மா போனாள். வஞ்சகமெல்லாம் இல்லை. விதி எழுதியவர் சமவெளியை நினைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

சமவெளிக்கு நாங்கள் கொடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். 1932-ல் எங்கள் மலையின் பைக்காரா ஆற்றில் மின்சாரம் எடுத்தார்கள். கோவை மில்கள் அதில்தான் பெருகின. உன் அப்பா வேலை பார்த்த மில்லும் அந்தக் கம்பியில்தான் ஓடியிருக்கும்.

அதனால் பீகாருக்குக் குறைத்துக் கொடு என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குக் கிடைப்பது இப்படித் தேய்ந்துகொண்டே போகக் கூடாது என்பேன். ஒரு மாநிலத்தின் பங்கு இதற்குக் கீழே இறங்காது என்று ஒரு வரம்பு வைக்கலாம். நீ என்ன நினைக்கிறாய், எழுது. திட்டி எழுதினாலும் சரி.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, காரில் வந்தால் மலையேற இ-பாஸ் என்கிற அனுமதிச் சீட்டு எடுக்க மறக்காதே. பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்பதாவது ஆளாக ஏறிக்கொள்.

உன்,
போஜன்