ஜன்னல் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. வந்த அன்றைக்கே மெசேஜ் போட்டேன். நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது, அதோடு சரி. கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கேன்பா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையிலுமா? இருக்கும், உங்கள் வேலை அப்படி. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உனக்கு ஒழியும்போது படித்துக்கொள்.

ஜன்னல் விஷயம்தான். ஒன்பதையும் மாற்றிவிடுங்கள், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று சொன்னாய். அந்த "எவ்வளவு ஆனாலும்" எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு ஆகும் என்று தெரிந்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை அது.

மூன்று பேரை வரவழைத்தேன். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டார். கேட்கக் குறைவாகத்தான் இருந்தது. பழைய நிலையைப் பெயர்த்து எடுப்பது யார் என்றேன். அது தனி. உடைந்த பூச்சைச் சரிசெய்வது? அது கொத்தனார் வேலை. பெயிண்ட், கிரில், கொசுவலை, பழைய மரத்தையும் கண்ணாடியையும் அள்ளிக்கொண்டு போவது? எல்லாம் தனித்தனி. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், மூன்று பேரில் அவர்தான் அதிகம். இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ நாளைக்கு ஒரு வீடு வாங்கினாலும் யாரிடமும் சதுர அடிக் கணக்கைக் கேட்டு ஏமாறாதே. வேலை முடிந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும் வரைக்கும் என்ன ஆகும் என்று கேள். எழுதி வாங்கு.

இரண்டாமவர் பழைய சட்டத்தை எடுக்கவே வேண்டாம், அதன்மேலேயே புதுச் சட்டத்தைப் பொருத்திவிடலாம் என்றார். சுவரை உடைக்க வேண்டியதில்லை, ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. ஆனால் நான்கு பக்கமும் திறப்பு குறுகிவிடும். அதைவிட, உள்ளே உளுத்திருந்தால் அது அப்படியே மூடிப்போகும். மாடிப்படி ஜன்னலின் கீழ்ச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், நனைந்த அட்டையில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அதன்மேல் புதிதாக எதை வைத்தாலும் என்ன பயன்?

மூன்றாமவரைத்தான் எனக்குப் பிடித்தது. ஒரு மணி நேரம் இருந்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார், உயரமும் அப்படியே, அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை. "பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது சார்" என்றார். நம் கூடத்து ஜன்னலில் மேலுக்கும் கீழுக்கும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். இத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன், கோணல் என்று தெரியவில்லை. இருப்பதில் சிறிய அளவைத்தான் எடுக்க வேண்டுமாம், அதிலும் கொஞ்சம் குறைத்து. புதுச் சட்டம் யுபிவிசி, அதாவது கெட்டியான பிளாஸ்டிக். அது வெயிலுக்கு நீளும். 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளுகிறது. இடைவெளி விடாமல் இறுக்கி வைத்தால் வளைந்து, கதவு மாட்டிக்கொள்ளும். டஃபன் பண்ணிய, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்கிய கண்ணாடி என்றால் இன்னும் ஆபத்து, அதைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு தப்பினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். செலவு யார் தலையில் என்பதையும் முன்னாலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

நடுவே இடைவெளி விட்டு இரண்டு தகடு வைக்கும் இரட்டைக் கண்ணாடி பற்றி நீ ஒரு வீடியோ அனுப்பியிருந்தாய். பார்த்தேன். மின் கட்டணம் பாதியாகிவிடும் என்கிற மாதிரி பேசுகிறார்கள். ஒற்றைக் கண்ணாடியை விட இரட்டைக் கண்ணாடி ஏறக்குறைய பாதி வெப்பத்தைத்தான் கடத்தும் என்பது உண்மை. ஆனால் பாதியாவது அந்தக் கண்ணாடியின் கணக்கு. கூரை வழியாக வருவது வந்துகொண்டுதான் இருக்கும். நேரே அடிக்கிற வெயிலையும் வெறும் இரட்டைக் கண்ணாடி பெரிதாகத் தடுக்காது, அதற்கென்று பூச்சு போட்ட கண்ணாடி வேண்டும், இல்லாவிட்டால் வெளியே நிழல் வேண்டும். வேப்பமரம் காசு கேட்பதில்லை. கட்டண மிச்சத்தை மட்டும் நம்பி ஜன்னல் மாற்றினால் போட்ட பணம் திரும்ப என் ஆயுசு போதாது.

ஆகவே ஒன்பதையும் மாற்றப் போவதில்லை. மாடிப்படி ஜன்னலும் சமையலறை ஜன்னலும் மட்டும் புதிது. மற்ற ஏழும் நல்ல மரம், உன் தாத்தா பார்த்துப் பார்த்து வாங்கியது. கீல் மாற்றி, புட்டி போட்டு, ரப்பர் ஒட்டினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும் என்று தச்சரும் சொல்கிறார். மொத்தச் செலவு நீ அனுப்பியதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

மிச்சம் உன்னுடையது. இவ்வளவு தொகை ஒரே தடவையில் வந்ததும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் 34 வருடம் சம்பளம் வாங்கினவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பும் பணம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அது கொஞ்சம் கொஞ்சமாக வரும். இப்படி மொத்தமாக வராது. உங்கள் மாதிரி கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று அக்கா எங்கோ படித்தாளாம். படிப்பதையெல்லாம் நம்பாதே என்று அவளைத் திட்டினேன். நான் எதுவும் கேட்கவில்லை. கையில் எப்போதும் ஆறு மாதச் செலவுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன். ஜன்னல் காத்திருக்கும். வாடகை காத்திருக்காது.

அக்கா வீட்டு மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. அது பெரிய கதை, அவளே சொல்வாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின் அறை ஜன்னலின் அந்த அலையடிக்கிற கண்ணாடி நினைவிருக்கிறதா? தலையை அசைத்தால் வெளியே வேப்பமரம் நெளியுமே. கண்ணாடி என்பது மெதுவாக ஓடும் திரவம், வருடக்கணக்கில் கீழே வழிந்துதான் அப்படி ஆகிறது என்று உனக்கு விளக்கினேன். நீ அதைப் பள்ளியில் போய்ச் சொல்லி, வாத்தியாரும் தலையாட்டினார் என்று வந்தாய். தப்பு தம்பி. கண்ணாடி வழிவதில்லை. பழைய முறையில் தகடாக இழுக்கும்போதே அந்த நெளிவு விழுந்துவிடும். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமாக்கும் முறையைப் பில்கிங்டன் கம்பெனி 1959-இல்தான் அறிவித்தது. இன்றைக்கு நாம் பார்க்கிற வழவழப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. தெரியாமல் சொன்ன தப்பு அது.

தெரிந்தே சொன்னது ஒன்று இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை தச்சர் பின் அறை ஜன்னலைக் கழற்றினார். இடது கதவு வரவில்லை. உளியை விட்டு நெம்பினார், வரவில்லை. அப்புறம் கீழ்ச் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டினார். புட்டி உதிர்ந்தது. உள்ளே இரண்டு ஸ்க்ரூ. கதவைத் துளைத்து நிலைக்குள் இறங்கியிருந்தன, இரண்டரை அங்குலம் இருக்கும். "இதை யார் சார் போட்டது?" என்றார். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். எனக்குத் தெரியாது என்றேன். இந்த வயதில், அவர் முன்னால்.

நான்தான் போட்டேன். அந்த வருடம். நீ உன் மாமா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில். நீ திரும்பி வந்து திறக்கவில்லையே என்றபோது மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்றேன். நீயும் நம்பினாய், மழைக்காலம்தானே. ஆனால் நீ விடவில்லை. பங்குனி முடிந்த பிறகு வந்து, "வெயிலில் மரம் சுருங்கணும்தானேப்பா, ஏன் இன்னும் திறக்கலை?" என்று கேட்டாய். சரியான கேள்வி. ஈரத்தில் மரம் குறுக்கே ஊதும், காய்ந்தால் சுருங்கிவிடும். எனக்குப் பதில் இல்லை. பெயிண்ட் பிடித்துக்கொண்டது என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ உப்புக் காகிதம் வாங்கிவந்து கதவின் ஓரத்தைத் தேய்த்தாய். நுழைகிற இடத்திலெல்லாம் நுழைத்து, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும். அப்புறம் மெழுகுவர்த்தியைத் தடவினாய். கைமுட்டியில் தோல் உரிந்திருந்தது. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, ரேகை போகிற பக்கமாகத் தேய் என்று சொல்லிக் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்தக் கோடை முழுக்க நீ கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாய்.

ராத்திரி எங்கே போகிறாய் என்று உன்னை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வாயோ என்று பயம். கேட்க வாய் வரவில்லை, ஸ்க்ரூ டிரைவர்தான் கைக்கு வந்தது. இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ சொன்னால் சொல், சொல்லாவிட்டாலும் போகட்டும்.

கதவின் ஓரம் நடுவில் குழிந்து போயிருக்கிறது, நீ தேய்த்த இடம். மூடினால் அங்கே விரல் நுழையும் இடைவெளி. இதை மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார் தச்சர். வேண்டாம், ஒரு பட்டி வைத்து ஒட்டிக் கொடுங்கள் என்றேன். ஒட்டியிருக்கிறார். புது மரம் நிறம் வேறாகத் தெரிகிறது, பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி திறந்து வைத்தேன், நன்றாகக் காற்று வருகிறது. அந்த அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. கட்டில் இருக்கிறது.

அம்மாவிடம் ஸ்க்ரூ விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில்.

தச்சருக்குப் பாதிதான் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், மிச்சம் வேலை முடிந்த பிறகு. நீயும் யாருக்கும் முழுப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடாதே. எனக்கும்தான்.

மீதித் தொகையை இன்று காலை வங்கிக்குப் போய் உன் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். வந்ததா என்று ஒரு வரி போடு. மெசேஜ் வேண்டாம், போன் பண்ணு. மூன்று நாளில் வராவிட்டால் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார் அங்கே இருந்த பெண்.

அப்பா