லாரிக்காரன் எழுதும் கடிதம்

சூலூர்

அன்புள்ள வேணு,

சண்டிகரில் மிக்-21 போர்விமானத்துக்கு விடைகொடுத்துவிட்டு வந்த கையோடு நீ எழுதிய நீண்ட கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். முழங்கால் தேவலை. மூக்கன் வந்து இரண்டு நாள் தங்கி, அந்த முட்டை விவகாரத்தை என் மகளிடம் ஒன்றுவிடாமல் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டுப் போனான். அவையெல்லாம் இருக்கட்டும், இப்போது நான் எழுத உட்கார்ந்தது உன் மகனைப் பற்றி.

துண்டிகல் விமானப்படைப் பயிற்சிக் கழகத்திலிருந்து அவன் என்னை அழைத்திருந்தான். பிலாட்டஸ் விமானத்தில் முதற்கட்டப் பயிற்சி முடியும் தறுவாயில் இருக்கிறான் என்பது உனக்குத் தெரியும். ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்று விருப்பம் கேட்டபோது அவன் முதலாவதாக டிரான்ஸ்போர்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பது உனக்குத் தெரியாது. "பெரியப்பா, அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்" என்றான். எனக்கும் பக்குவத்துக்கும் என்றைக்கு உறவு இருந்தது? ஆகவே போட்டு உடைத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

உன் முதல் சந்தேகம் எனக்குத் தெரியும். பையன் தரவரிசையில் பின்தங்கிவிட்டான், அதை மறைக்கவே இப்படிச் சொல்கிறான் என்று நினைப்பாய். இல்லை. குட்டிக்கரணம் போடும் ஏரோபாட்டிக்ஸ், அணிவகுத்துப் பறக்கும் ஃபார்மேஷன் இரண்டிலும் அவனுக்கு நல்ல மதிப்பெண். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பறப்பில் அதைவிட நல்ல மதிப்பெண். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. விருப்பத்தை எழுதிக் கொடுப்பதுதான் பயிற்சி மாணவனின் கையில் உள்ளது. தரவரிசையும், கால் நீளம், உட்கார்ந்த உயரம் போன்ற உடல் அளவுகளும், அந்த ஆண்டு எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் தேவை என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. நன்றாக ஓட்டுபவனை ஃபைட்டருக்கு இழுத்துக்கொள்ளும் வழக்கம் நம் காலத்திலும் இருந்தது, இன்றும் போய்விடவில்லை. நீ விரலை அசைக்காமல் இருந்தாலே அவன் ஃபைட்டர் பயிற்சிக்கு ஹக்கிம்பேட்டைக்கும் பிறகு பீதரில் ஹாக் விமானத்துக்கும் போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது. அவனுடைய பயம் வேறு. அங்கே பயிற்றுநர்களாக இருப்பவர்களில் சிலர் உன்னிடம் பறக்கக் கற்றவர்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் விருப்பத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறான். அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

நாம் பிரிந்த நாளில் நீ மிக்-21 கற்கத் தேஜ்பூருக்கும் நான் சரக்கு விமானம் கற்க யெலஹங்காவுக்கும் புறப்பட்டபோது, என்னை லாரி டிரைவர் என்று அழைக்கத் தொடங்கியவன் நீ. இன்றுவரை அதை நிறுத்தவில்லை, எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேலிக்குள் நாம் எல்லோரும் உண்மையென்று நம்பிய ஒரு படிநிலை இருந்தது. மேலே இருப்பவன் ஃபைட்டர், மற்றவர்கள் மிச்சம். உன் தலைமுறை அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலையும் கொஞ்சமன்று. உயர்நிலைப் பயிற்சிக்கு ஒரு ஜெட் வேண்டும் என்று விமானப்படை அமைத்த லாஃபோன்டைன் குழு 1982லேயே சொல்லியிருந்தும், ஹாக் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல், அது பீதரில் முறைப்படி பணியில் சேர்ந்தது 2008இல். அதுவரை கிரண் என்ற மெதுவான பயிற்சி ஜெட்டிலிருந்து இறங்கியவனை, மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும் மிக்-21இல் ஏற்றினார்கள். நம் கோர்ஸில் திரும்பி வராதவர்களின் பெயர்களை நீ இன்னும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். அப்படிப் பிழைத்து வந்தவனுக்குத் தன் மகன் வேறு வழியைக் கேட்பது தன்னையே மறுப்பது போலத் தோன்றினால் அது எனக்குப் புரியாததன்று.

இருந்தாலும் அவன் சொன்ன காரணத்தைக் கேள். தனியாகப் பறந்த அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்ததாம்; ஆனால் இறங்கியதும், மேலே கண்டதைப் பகிர்ந்துகொள்ள அருகில் ஒருவர் இல்லையே என்று தோன்றியதாம். இதைக் கேட்டு நீ சிரிப்பாய். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஆன்-32 சரக்கு விமானத்தின் காக்பிட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். உடல் எடை ஒன்பது மடங்காகும் ஒன்பது ஜி திருப்பத்தில், எழுபது கிலோ மனிதன் அறுநூற்று முப்பது கிலோவாகி, மூச்சை அடக்கி, காலையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டு, இரண்டு விநாடியில் ஒரு முடிவெடுப்பது ஒருவகைத் திறமை. கோ-பைலட்டாகப் பல ஆண்டுகள் வலது இருக்கையில் உட்கார்ந்து, நேவிகேட்டர் சொல்வதையும் ஃப்ளைட் இன்ஜினியர் சொல்லாமல் விடுவதையும் கேட்கப் பழகி, பின்னால் ஏறியிருப்பவர்களுக்கும் சேர்த்து "இன்று போக வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை மெல்ல மெல்லச் சம்பாதிப்பது வேறுவகைத் திறமை. ஒன்று இருப்பவனிடம் மற்றது இருந்தே தீரும் என்ற விதி கிடையாது. உன்னிடம் இரண்டாவது அறவே கிடையாது என்பதைத் தங்கச்சி சாட்சி சொல்வாள்.

லடாக்கின் லே விமானத்தளத்தை எடுத்துக்கொள். பத்தாயிரத்து அறுநூறு அடிக்கு மேலான அந்த உயரத்தில் காற்று மெலிந்து இன்ஜினின் உந்துவிசை குறைகிறது. அதே மெலிந்த காற்றால், கருவி காட்டும் வேகத்தைவிட உண்மையான வேகம் கூடி, ஓடுபாதை குட்டையாகிவிடுகிறது. சுற்றிலும் மலை. ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே வந்துவிட்டால் மறுபடி மேலேறித் திரும்ப இடமில்லை. நண்பகலுக்குப் பிறகு காற்று வீசத் தொடங்கும் என்பதால் விடியற்காலையிலேயே வேலையை முடிக்க வேண்டும். இந்த இடத்துக்கு இல்-76ஐயும், இப்போது எழுபது டன்னுக்கு மேல் சுமக்கக்கூடிய சி-17ஐயும் கொண்டுபோய் இறக்குகிறவனை நீ லாரி டிரைவர் என்கிறாய். 2013 ஆகஸ்டில் சீன எல்லையருகே தௌலத் பேக் ஓல்டியில், 16,614 அடி உயரத்தில், சி-130ஜே சரக்கு விமானத்தை இறக்கினார்களே, அன்று நீயே என்னை அழைத்து "உங்கள் ஆட்கள் பைத்தியக்காரர்கள்" என்று சொன்னது நினைவிருக்கிறதா? நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். 2023 ஏப்ரலில் சூடானின் வாடி சைட்னாவில், விளக்கும் இல்லாத, வழிகாட்டும் கருவியும் இல்லாத, சிதைந்த ஓடுபாதையில், இரவுப்பார்வைக் கண்ணாடியை மட்டும் நம்பி இறங்கி 121 பேரை ஏற்றிக்கொண்டு வந்ததும் லாரி வேலைதான்.

போரைப் பற்றிப் பேசு என்பாய். பேசுகிறேன். 1962 சீனப் போரில் தாக்குதல் விமானங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று தில்லி முடிவு செய்து அவற்றைத் தரையில் நிறுத்தியிருந்தபோது, ஆன்-12 சரக்கு விமானங்கள்தாம் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை லடாக்கின் சுஷூலுக்குச் சுமந்துபோயின. அதே ஆன்-12களின் சரக்கறையில் குண்டுகளை ஏற்றி 1971இல் பாகிஸ்தானின் சங்கா மங்கா காட்டின் மேல் கொட்டினார்கள். நீ மாணவனாக இருந்தபோது மேஜை மேல் யாருடைய படத்தை வைத்திருந்தாய்? மெஹர் சிங். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஹரிகேன் ஃபைட்டர் ஓட்டி டிஎஸ்ஓ என்ற வீர விருது வாங்கியவர். ஆனால் அவர் 1948 மே மாதம் தரைப்படையின் மேஜர் ஜெனரல் திம்மய்யாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, சிந்து நதிக்கரையில் சமன்படுத்திய மணலில், லேயின் முதல் தரையிறக்கத்தைச் செய்தபோது ஓட்டியது டகோட்டா என்ற சரக்கு விமானம். உன் மேஜையில் இருந்தது எங்கள் ஆளின் படமும்தான் என்பதை இத்தனை காலம் சொல்லாமல் சேமித்து வைத்திருந்தேன்.

பையன் பாதுகாப்பைத் தேடிப் போகிறான் என்று மட்டும் சொல்லிவிடாதே. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஆன்-32இல் 29 பேர் இருந்தார்கள். அதன் சிதைவுகள் கடலுக்கடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் காணப்பட்ட செய்தி 2024 ஜனவரியில் வந்தது. ஏழரை ஆண்டு அந்தக் குடும்பங்கள் எதை நம்பி உட்கார்ந்திருந்தன என்று யோசித்துப் பார்க்க எனக்கு இன்றும் தைரியம் வரவில்லை. 2019 ஜூனில் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்தின் மெச்சுகாவுக்குப் போகும் வழியில் மலையில் மோதிய ஆன்-32இல் 13 பேர். அந்தப் பள்ளத்தாக்குகளில் மேகத்துக்குள் பாறை இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். என்னிடம் முதலில் கேட்டதே அதைப் பற்றித்தான், நானும் ஒளிக்காமல் சொன்னேன்.

ஏர்லைன்ஸ் வேலையில் கண் வைத்திருக்கிறான் என்பது உன் அடுத்த வாதமாக இருக்கும். பல இன்ஜின் விமானத்தில் சேரும் மணிக்கணக்கு பிற்காலத்தில் உதவும் என்பது உண்மை. இருபத்திரண்டு வயதில் அதைக் கணக்குப் போடுகிறவனாக எனக்கு அவன் தெரியவில்லை. போட்டாலும் அது குற்றமாகாது. பதவி உயர்வைப் பொறுத்தவரை நீ சொல்வதில் நியாயம் உண்டு. உச்சிக்குப் போகும் படிகளில் ஃபைட்டர்காரர்களின் கூட்டமே அதிகம். ஹெலிகாப்டர் விமானி ஒருவர் தலைமைத் தளபதியாக வருவதற்கே, ஃபாலி மேஜர் பதவியேற்ற 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை அவனிடம் சொன்னேன். "தளபதி ஆவதற்காகவா அப்பா மிக்-21 ஓட்டினார்?" என்று திருப்பிக் கேட்டான். உன் மகனேதான், சந்தேகமில்லை.

கடைசி முடிவு அவன் எழுதிக் கொடுத்ததற்கு மாறாகவும் வரலாம். ஃபைட்டர் என்று வந்தால் மறுக்காமல் போவேன், முழு மனத்தோடு பறப்பேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்படி வந்தால் அது அவன் மதிப்பெண்ணாலும் விமானப்படையின் தேவையாலும் வந்ததாக இருக்கட்டும். அப்பா தொலைபேசியில் பேசியதால் வந்ததாக இருக்க வேண்டாம். ஆகவே துண்டிகலில் நீ பேச வேண்டியது ஒரே ஒருவனிடம்தான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கிடைப்பான். பேசும்போது மிக்-21 கதைகளைத் தொடங்காதே. பிலாட்டஸில் ஸ்பின், அதாவது சுழன்று விழுந்து மீளும் பயிற்சி, எப்படி இருக்கிறது என்று கேள், அரை மணி நேரம் அவனே பேசுவான்.

தங்கச்சிக்கு என் அன்பு. அவளுக்கு இந்தச் செய்தி முன்பே தெரியும் என்று சந்தேகிக்கிறேன். மார்ச்சில் மூக்கன் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவாயல்லவா? முட்டையை நீ கொண்டு வா.

என்றும் உன்,
லாரிக்காரன்