வலை தைத்துத் தந்தவருக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். ஆற்று நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியபடி நீர்மட்டத்துக்கு வந்த அந்த நாள்களைப் பற்றி மீண்டும் விவரிக்கப் போவதில்லை. கரையில் நின்றவர்கள் கண்ணால் கண்டீர்கள். மற்றவர்களுக்கும் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. காரணம் என்ன, பொறுப்பு யாருடையது என்ற விசாரணை அதன் வழியில் நடக்கட்டும். நீர் ஓரளவு தேறியிருக்கிறது, இடம் மாற்றிய மீன்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன என்று தெரிந்த இந்த வேளையில், களைப்பு ஆறுவதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ஆற்றுப் பாதுகாப்புக் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

கரையோரத் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தேங்கிச் சூடேறிய மடுக்களிலிருந்து மீன்களை எடுத்து, அதே ஆற்றின் மேற்பகுதியில் நீரோட்டம் உள்ள இடத்தில் கொண்டுபோய் விடுவது எங்கள் வேலையாக இருந்தது. கைவசம் இருந்தவையோ முடிச்சுப் போட்ட நைலான் வலைகள். மீனைத் தொட்டால் கை வழுக்குமே, அந்த வழவழப்பான படலம்தான் அதற்குக் கவசம். பூஞ்சையும் கிருமியும் உடலில் தொற்றாமல் காப்பது அதுவே. வலையின் முடிச்சு உரசினால் படலம் அழிந்துபோகும், செதிலும் உதிரும்; மூச்சுத்திணறலிலிருந்து தப்பிய மீன் சில நாள் கழித்துப் புண் வைத்துச் சாகும். முடிச்சில்லாத மெல்லிய வலை அந்த நேரத்தில் எங்கே கிடைக்கும் என்று நாங்கள் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டவர், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் ஒரு கொசுவலையோடும் அளவு நாடாவோடும் திரும்பி வந்து, வலையின் கம்பி வளையத்தைச் சுற்றி அளந்தார். “மீன் மேல எந்தப் பக்கம் படும், தம்பி?” என்று கேட்டார். “உள்பக்கம்தான், அக்கா” என்றேன். அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

மறுநாள் விடியும் முன்பே வலைகள் வந்துவிட்டன. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கியது. நாம் உடுத்தும் துணியில் தையல் மடிப்பு உள்ளே போகும். பார்க்கிறவர் கண்ணுக்கு வெளிப்புறம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக. அக்கா அதைத் தலைகீழாக்கி, மடிப்பையும் நூல் முடிச்சையும் ஒன்றுவிடாமல் வெளிப்பக்கம் விட்டிருந்தார். கம்பியைச் சுற்றித் தடித்த துணிப்பட்டை வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தார். உள்ளே விரலை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. பையின் ஆழத்தையும் குறைத்திருந்தார். ஆழமான வலையில் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நசுங்குவதை முந்தைய நாள் கரையில் நின்ற சிறிது நேரத்திலேயே கவனித்திருக்கிறார். பணம் கொடுக்க முயன்றோம். நூலுக்கான காசைக்கூட வாங்க மறுத்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொசுவலையைக் கட்டி மீன்குஞ்சுகளைக்கூட விடாமல் வாரிச் செல்வதை எதிர்த்து எங்கள் குழு ஓயாமல் பேசிவருகிறது. அதே துணிதான் இம்முறை மீன்களைக் காப்பாற்றியது.

எண்களோடு பழகியவர்கள் நாங்கள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறைந்துவிடும். கழிவு அழுகத் தொடங்கினால் இருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துவரும். இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுபோக, பாசியும் செடியும் மூச்சுவிடுவது மட்டும் தொடர்வதால், விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். இவற்றையெல்லாம் அளந்து எழுதிவைத்தால்தான் அதிகாரிகள் முன் வழக்கை எடுத்துவைக்க முடியும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் கருவி எதையும் தொட்டறியாத ஒருவர், மீனின் தோலுக்கு எது உறுத்தும் என்று தாமாகவே யோசித்தாரே, அந்த அக்கறையைப் பயிற்சி வகுப்பு வைத்துக் கற்றுத்தர எங்களுக்கு வழி தெரியவில்லை.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மதகைக் கூடுதலாகத் திறந்து நீர்விட ஏற்பாடு செய்த பொறியாளர், வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்தே அனுப்பியவர்கள், மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார்களை வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மாணவர்கள், நீர் மாதிரிகளை உடனுக்குடன் சோதித்துத் தந்த ஆய்வக நண்பர்கள், செத்த மீன்களை முகம் சுளிக்காமல் அள்ளிப் புதைத்த துப்புரவுப் பணியாளர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. கொண்டுபோன மீனைச் சட்டென்று ஆற்றில் கொட்டிவிடாமல், இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஆற்று நீரைத் தொட்டியில் ஊற்றிப் பொறுமையாகக் காத்திருந்த இளைஞர்களைத் தனியே சொல்ல வேண்டும். அவசரம் துரத்தும்போது காத்திருப்பது எளிதன்று.

இனி எங்கள் பங்குக்குச் சில உறுதிகளைச் சொல்லிக்கொள்கிறோம். கோடை முழுவதும் ஆற்றின் ஆக்சிஜன் அளவை விடியலுக்கு முன்பு எடுப்போம். பகலில் எடுக்கும் கணக்கை மட்டும் வைத்து ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்லமாட்டோம். மடுக்களுக்கு நிழல் தரும் கரை மரங்களைக் காப்பதும், வெட்டுப்பட்ட இடங்களில் அந்தந்தக் கரைக்கே உரிய மரங்களை நட்டு வளர்ப்பதும் இவ்வாண்டின் முதல் வேலையாக இருக்கும். அக்கா தைத்த வலைகளைக் கழுவி நிழலில் உலர்த்திக் குழுவின் அறையில் வைத்திருக்கிறோம். அவர் காகிதத்தில் வெட்டிக் கொடுத்த அளவும் எங்களிடம் இருக்கிறது. வேறு ஆற்றிலோ ஏரியிலோ வேலை செய்யும் குழுவினர் அந்த அளவின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தைக்கும்போது மடிப்பை வெளியே விடுமாறு சொல்லச் சொன்னார் அக்கா.

நன்றியுடன்,
ஆற்றுப் பாதுகாப்புக் குழுவினர் சார்பில் ஓர் உறுப்பினர்